ஒரே பீர், ஒரே ஸ்பூன் சீனி, இரண்டு அளவு பாட்டில்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் சீனியின் வகையைப் பற்றிய கேள்வி. மெல்பர்னில் இருக்கும் நீங்கள் கடையில் கிடைக்கும் மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறு டின் ஒன்றைக் கொண்டு முதல் முறையாக 23 லிட்டர் பீர் போட்டிருக்கிறீர்கள். ஏழாம் நாள், வாளியின் வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றதும், அடி வண்டலைத் தவிர்த்து மிஞ்சிய 21 லிட்டரை 750 மில்லி பாட்டில்கள் 14, 375 மில்லி பாட்டில்கள் 28 என்று அடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் வெள்ளைச் சீனி போட்டு மூடி, கார் ஷெட்டில் வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு சின்ன பாட்டில்கள் இரண்டு வெடித்தன. இன்னொன்றைத் திறந்தபோது பாதி பீர் ஷெட்டின் கூரைக்குப் போனது. பெரிய பாட்டில்களிலோ, திறந்த மூன்றில் இரண்டு நன்றாகவே இருந்தன, ஒன்று சப்பென்று இருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் பொடி) போடாமல் சாதாரணச் சீனி போட்டதுதான் தவறா, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டுமா, அடுத்த முறை கருப்பட்டி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாத கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரே வாளியிலிருந்து வந்த ஒரே பீர் எப்படி மூன்று விதமாக நடந்துகொண்டது? அதற்கு விடை கிடைத்தால் மற்றவை தாமாகவே தெளிவாகும்.

மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். மீதமுள்ள சின்ன பாட்டில்களைக் கையால் தூக்காமல், அவை இருக்கும் பெட்டியின் மேல் கனமான போர்வை ஒன்றை இரண்டாக மடித்துப் போடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் ஷெட்டைப் பூட்டுங்கள். அவற்றை என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நான் உணவு நுண்ணுயிரியல் படித்தவன்; பதினைந்து ஆண்டுகளாக வீட்டில் பீர் போடுகிறேன். ‘காய்ச்சுகிறேன்’ என்று எழுதக் கை வருவதில்லை, ஏனென்றால் நம் ஊரில் அந்தச் சொல் கள்ளச்சாராயத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, பீரிலோ வடித்தல் என்ற வேலையே கிடையாது. ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் போட உரிமம் வேண்டியதில்லை, உரிமமில்லாமல் சாராயம் வடிப்பதுதான் குற்றம். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் முயன்று பார்க்க வேண்டாம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அங்கே வீட்டில் எந்த மதுவையும் தயாரிக்க முடியாது.

பாட்டிலில் சீனி போடுவதை இத்தொழிலில் பிரைமிங் என்பார்கள். அது சுவைக்காகப் போடுவதன்று. நொதித்து முடிந்த பீரில் ஈஸ்ட் இன்னும் உயிரோடு மிதந்துகொண்டிருக்கிறது; தின்பதற்கு மட்டும் ஒன்றும் மிச்சமில்லை. அதற்குக் கொஞ்சம் சீனியைக் கொடுத்து மூடிவிட்டால், அது சீனியைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது, வாயுவுக்கு வெளியேற வழியில்லாததால் அது பீருக்குள்ளேயே கரைகிறது. இட்லி மாவு இரவில் பொங்குவதும் நுண்ணுயிர்கள் விடும் இதே வாயுவால்தான். மாவுப் பாத்திரத்தை நாம் இறுக அடைப்பதில்லை என்பதுதான் வித்தியாசம். ஒரு லிட்டர் பீரில் எத்தனை லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அதை மடங்கு என்று சொல்லலாம். ஆங்கிலேய ஏல் வகைகளுக்கு 1.5 முதல் 2.2 மடங்கு, சாதாரண லாகர்களுக்கும் அமெரிக்க ஏல்களுக்கும் 2.2 முதல் 2.7 வரை, ஜெர்மானியக் கோதுமை பீருக்கு மூன்றரைக்கு மேல் என்பது வழக்கம். வெள்ளைச் சீனி லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் போட்டால் ஒரு மடங்கு ஏறும். நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் வாயு தங்கியிருக்கும். 20 டிகிரியில் அது சுமார் 0.85 மடங்கு.

இனி உங்கள் ஸ்பூனுக்கு வருவோம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சீனி ஏறக்குறைய 4 கிராம். குவித்து அள்ளினால் 6 கிராமும் அதற்கு மேலும் வரும். தலை தட்டிய ஸ்பூனையே எடுத்துக்கொள்வோம். 750 மில்லி பாட்டிலில் 4 கிராம் என்றால் லிட்டருக்கு 5.3 கிராம், அதாவது 1.3 மடங்கு ஏறுகிறது, பழைய 0.85ஐக் கூட்டினால் 2.2 வருகிறது. மிக நல்ல பீர். அதே 4 கிராம் 375 மில்லி பாட்டிலில் விழும்போது லிட்டருக்கு 10.7 கிராம் ஆகிவிடுகிறது. மொத்தம் மூன்றரை மடங்கு. குவித்த ஸ்பூனாக இருந்தால் பெரிய பாட்டிலில் 2.9 மடங்கு, சின்னதில் ஏறத்தாழ 4.9. சாதாரணக் கண்ணாடி பீர் பாட்டிலில் மூன்று மடங்குக்கு மேல் போக வேண்டாம் என்பது வீட்டில் பீர் போடுகிறவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. ஆக உங்கள் பெரிய பாட்டில்கள் எந்தப் பக்கம் பார்த்தாலும் எல்லைக்குள் இருக்கின்றன, சின்ன பாட்டில்கள் எந்தப் பக்கம் பார்த்தாலும் எல்லையைத் தாண்டியிருக்கின்றன. நீங்கள் எழுதியிருப்பவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லாத பகுதி இதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், 42 பாட்டில்களுக்கும் போட்ட 42 ஸ்பூன் சீனியையும் தலை தட்டி எடுத்து, மொத்தமாக வாளியிலேயே கலந்திருந்தால் 168 கிராம். 21 லிட்டருக்கு அது 2.85 மடங்கு. கொஞ்சம் துள்ளலான பீராக இருந்திருக்கும், ஆனால் ஒன்றும் வெடித்திருக்காது.

மடங்கு என்று எழுதும்போது இதன் அபாயம் உறைப்பதில்லை, ஆகவே அழுத்தக் கணக்கிலும் சொல்லிவிடுகிறேன். 2.4 மடங்கு வாயு உள்ள ஒரு பாட்டில் 20 டிகிரியில் கிட்டத்தட்ட 1.8 பார் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. கார் டயரில் நாம் அடிப்பது 2.2 பார் அளவு. 4.9 மடங்கு ஏறிய பாட்டிலில் அது டயரின் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், ஷெட் சூடாக இருந்தால் இன்னும் ஏறும். கோலி சோடா பாட்டிலைக் கையில் பிடித்தவர்களுக்கு அந்தக் கண்ணாடியின் தடிமன் நினைவிருக்கும். அந்தத் தடிமன் அழகுக்காக வைத்ததன்று. நீங்கள் சேர்த்து வைத்த சின்ன பாட்டில்கள் திருகித் திறக்கும் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் கண்ணாடி மெல்லியது. ஒருமுறை உபயோகித்துப் போடுவதற்காகச் செய்யப்பட்டது. அவற்றின் விளிம்பும் வீட்டில் அழுத்தும் சோடா மூடிக்கு ஏற்றதன்று. அடுத்த முறை அவற்றைத் தொடாதீர்கள். கடைகளில் அழகுக்காக விற்கும் சதுரமான கண்ணாடிப் புட்டிகளும் வேண்டாம். சதுரப் புட்டியில் அழுத்தம் மூலைகளில் போய்க் குவியும்.

இப்போது நீங்கள் கேட்ட முதல் கேள்வி. வெள்ளைச் சீனி குற்றவாளி இல்லை. ஈஸ்ட் தன்னிடமுள்ள நொதியால் அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துத் தின்றுவிடும். பாட்டிலில் போடும் இந்தச் சிறிய அளவில் சுவையில் ஒரு வேறுபாடும் தெரியாது. வெள்ளைச் சீனி போட்டால் ஆப்பிள் மது வாடை வரும் என்று உங்களிடம் யாரோ சொன்னது, பீரின் மொத்த மால்ட்டில் பாதியைச் சீனியாக மாற்றும் பழைய செய்முறைகளைப் பற்றிய புகார். பிரைமிங்குக்கு அது பொருந்தாது. கடையில் விற்கும் டெக்ஸ்ட்ரோஸ் பொடியில் எடையில் பதினொன்றில் ஒரு பங்கு நீர் என்பதாலும், அதன் வேதியியல் காரணமாகவும், சீனியைவிட அது சுமார் 15 சதவீதம் அதிகமாகத் தேவைப்படும். 130 கிராம் சீனி வேண்டிய இடத்தில் 150 கிராம் டெக்ஸ்ட்ரோஸ். அதாவது டெக்ஸ்ட்ரோஸுக்குச் சொன்ன அளவை அப்படியே சீனியில் போட்டால் வாயு கொஞ்சம் கூடும்; பாட்டில் வெடிக்கும் அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதன்று.

உங்களுக்குப் பதில் எழுதிய வேறு சிலர் நொதித்தல் முடியாமலே அடைத்துவிட்டீர்கள் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் அதுதான் மிகப் பெரியது, ஆகவே அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.001 இறங்கும் அளவுக்குச் சர்க்கரை மிச்சமிருந்தால் பாட்டிலுக்குள் சுமார் அரை மடங்கு வாயு ஏறும். 1.012க்கு இறங்க வேண்டிய பீரை 1.016இல் அடைத்தால், நீங்கள் ஒரு சிட்டிகை சீனி போடும் முன்பே இரண்டு மடங்கு வாயுவுக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. ஏர்லாக் குமிழி நிற்பதை வைத்து இதைச் சொல்லவே முடியாது. பிளாஸ்டிக் வாளியின் மூடி ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் வாயு அந்த வழியாகப் போய்விடும், குமிழி வராது. வெயில் ஏறினால் கரைந்திருந்த வாயு வெளியேறி, முடிந்துபோன பீரிலும் குமிழி வரும். அந்த ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்டுவதுதான் சாட்சி. நீங்கள் அதை வாங்கவே இல்லை.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் அவர்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. காரணம் உங்கள் பெரிய பாட்டில்கள். 0.004 அளவுக்குச் சர்க்கரை மிச்சமிருந்திருந்தால் அது எல்லாப் பாட்டில்களிலும் சமமாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் எல்லாம் ஒரே வாளி. பெரிய பாட்டில்களும் நான்கு, ஐந்து மடங்குக்குப் போய், திறந்தவுடன் பொங்கியிருக்க வேண்டும். மூன்று வாரம் சூடான ஷெட்டில் இருந்த பிறகும் இரண்டு பாட்டில்கள் ஒழுங்காக இருந்தன என்றால், மிச்சச் சர்க்கரை இருந்திருந்தாலும் சொற்பம்தான். இந்த அனுமானத்துக்கும் எல்லை உண்டு. நீங்கள் திறந்தது பதினான்கில் மூன்று. கண்ணால் பார்த்தும் நாக்கால் ருசித்தும் சொல்கிறீர்களே தவிர அளக்கவில்லை. ஆகவே ‘ஏறத்தாழ முடிந்திருந்தது’ என்பதை வலுவான ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தத் தவறை நேராகவே செய்தவன். எனக்கு அது இரண்டாவது பீர். ஆஸ்திரேலியாவின் ஜூலை மாதக் குளிரில் வாளி 13 டிகிரிக்கு இறங்கி ஈஸ்ட் உறங்கிவிட்டது. குமிழி நின்றதை முடிந்ததாக எண்ணி அடைத்துத் துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். அக்டோபரில் வெயில் வந்ததும் ஈஸ்ட் விழித்துக்கொண்டது. அதிகாலையில் ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அலமாரியைத் திறந்தபோது மனைவியின் பட்டுப்புடவை இரண்டில் பீர் ஊறிக்கொண்டிருந்தது, பாட்டிலின் கழுத்துத் துண்டு ஒன்று பக்கவாட்டு ஜிப்சம் பலகையில் விரல் ஆழத்துக்குக் குத்தி நின்றது. அந்த ஓட்டையைப் பல ஆண்டுகள் அடைக்காமல் வைத்திருந்தேன். புடவைகளைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவது நல்லது.

‘ஏறத்தாழ முடிந்திருந்தது’ என்ற ஊகத்தைச் சோதிக்க வழியிருக்கிறது. ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. நன்றாகக் குளிரவைத்த பெரிய பாட்டில் ஒன்றைத் திறந்து, ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு டீ ஆற்றுவதைப் போல நுரை அடங்கும் வரை ஆற்றுங்கள். வாயு இருந்தால் குமிழிகள் கருவியில் ஒட்டி அதைத் தூக்கிவிடும், எண் பொய்யாகும். பீர் 20 டிகிரிக்கு வந்த பிறகு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் இருந்த இன்னொரு பெரிய பாட்டிலை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. இரண்டாவது எண் இறங்கியிருந்தால் உள்ளே நொதித்தல் இன்னும் நடக்கிறது. முதல் அளவே 1.004க்குக் கீழே இருந்து பீர் புளிப்பாகவோ கிராம்பு மணத்தோடோ இருந்தால், நீங்கள் போடாத ஏதோ ஓர் உயிர் உள்ளே வேலை செய்கிறது. சாதாரண ஈஸ்ட் தொடாத பெரிய சர்க்கரைச் சங்கிலிகளையும் உடைத்துத் தின்னும் டயஸ்டாட்டிகஸ் என்ற வகை உண்டு. காட்டு ஈஸ்ட்களும் லாக்டோபாசில்லஸும் உண்டு. இவை அவசரப்படாமல் மாதக்கணக்கில் வேலை செய்யும், ஆகவே இன்று நன்றாக இருக்கும் பாட்டில் நான்கு மாதத்தில் பொங்கலாம். பாட்டில் கழுத்தில், பீரின் மேல்மட்டத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். வளையம் இல்லாததால் சந்தேகம் தீர்ந்துவிடாது. உங்களுடையதில் இது நடந்திருக்கிறது என்று நினைக்க இப்போதைக்குக் காரணமில்லை. இருந்தாலும் உங்கள் வாளியின் குழாயை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். என்னுடையதை ஓராண்டு வெந்நீர் ஊற்றி மட்டுமே கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திருகைப் பிரித்தபோது உள்ளே பழுப்பு நிறத்தில் வெண்ணெய் போல ஒரு படலம் திரண்டிருந்தது. அதற்கு முந்திய பல பீர்களில் வந்த புளிப்புக்கு நான் பாவம் ஈஸ்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சப்பென்று இருந்த அந்த ஒரு பெரிய பாட்டிலுக்கு விளக்கம் எளிது. அதில் சீனி போட மறந்திருக்கலாம், அல்லது மூடி சரியாக அழுந்தாமல் வாயு கசிந்திருக்கலாம். நாற்பத்திரண்டு பாட்டிலுக்கு ஒவ்வொன்றாக ஸ்பூன் போடும்போது ஒன்று விட்டுப்போவது யாருக்கும் நடக்கும்.  மூடியும் அப்படித்தான். இரட்டைக் கைப்பிடிக் கருவியால் அழுத்தும்போது இரண்டு கைகளும் ஒரே வேகத்தில் இறங்காவிட்டால் மூடி ஒருபுறமாகச் சாய்ந்து உட்காரும். அழுத்திய பிறகு மூடியை விரலால் திருகிப் பாருங்கள். சுழன்றால் அதை எடுத்துவிட்டுப் புதிய மூடி போடுங்கள். அதே போன்ற சப்பை பாட்டில்கள் இன்னும் வந்தால் அவற்றில் சீனியைக் கூடுதலாகப் போட்டு மூடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஈஸ்ட் உறங்கியதால் வாயு ஏறாமல் இருக்கும் பாட்டிலில் முதல் சீனி அப்படியே இருக்கும். இரண்டாவது சீனியும் சேர்ந்தால் அது உங்கள் சின்ன பாட்டில்களின் கதைதான். 20 டிகிரிக்கு மேல் உள்ள இடத்தில் வைத்து, அடி வண்டல் கலங்கும்படி ஒருமுறை சாய்த்துச் சுழற்றிவிட்டு, இரண்டு வாரம் காத்திருப்பதுதான் முதல் வைத்தியம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரிய பாட்டில்களைக் கொட்ட வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் குடித்து முடியுங்கள். மீதமுள்ள இருபத்தைந்து சின்ன பாட்டில்களை, உங்கள் இடத்தில் நானாக இருந்தால், காப்பாற்றப் பார்க்க மாட்டேன். கொட்டுவதற்கும் முறை உண்டு. குளிரில் வாயு பீருக்குள் அதிகம் கரையும், அழுத்தம் இறங்கும், 4.9 மடங்கு உள்ள பாட்டில் 2 டிகிரிக்கு வந்தால் அதன் அழுத்தம் நல்ல பாட்டில் ஒன்று அறை வெப்பத்தில் காட்டும் அளவுக்கு அருகில் வந்துவிடும். முழுக்கைக் கனமான சட்டை, தோல் கையுறை, முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பு ஆகியவற்றைப் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் ஷெட் குளிர்ந்திருக்கும் நேரத்தில், போர்வையோடு பெட்டியை நகர்த்திப் பெரிய எஸ்கிக்குள் (பனிக்கட்டி போட்டுக் குளிரவைக்கும் பெட்டி) வைத்து, பனிக்கட்டியும் நீரும் நிரப்பி மூடி, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். உறைபெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்தால் விரிந்து அதுவும் உடையும். மறுநாள் புல்வெளியில் வைத்து, பாட்டிலைத் துண்டால் சுற்றிப் பிடித்து, மூடியின் ஒரு விளிம்பை மட்டும் நெம்புங்கள். சீறலோடு நுரை கழுத்துக்கு ஏறும். அது தானாக இறங்கும் வரை முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு காத்திருந்து, பிறகு கொட்டுங்கள். இப்படி வாயுவை இறக்கிவிட்டுப் புதிய மூடி போட்டுக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தடித்த பாட்டிலாக இருந்தால் நானும் செய்வேன். திருகு மூடிப் பாட்டிலின் மெல்லிய கண்ணாடி ஏற்கெனவே எவ்வளவு களைத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எந்த வழியும் இல்லை, அதனால்தான் கொட்டச் சொல்கிறேன். ஒன்பதரை லிட்டர் பீருக்கு ஒரு கண் விலையாகாது.

அடுத்த முறை ஸ்பூனை அடுக்களையிலேயே விட்டுவிட்டுத் தராசை எடுங்கள். அளவு அளவான பாட்டில்களுக்கு ஒரே மாதிரி வாயு ஏறச் சீனியை மொத்தமாகப் பீரில் கலப்பதுதான் வழி. பாட்டிலுக்குள் போகப்போகும் பீர் எத்தனை லிட்டர் என்று முதலில் பாருங்கள். டின்னில் எழுதியிருக்கும் 23ஐக் கொண்டு கணக்குப் போட்டால், வண்டலோடு விட்ட இரண்டு லிட்டருக்கான சீனியையும் மற்ற பாட்டில்கள் சுமக்க வேண்டியிருக்கும். 21 லிட்டருக்கு, 20 டிகிரியில் நொதித்த பீரை 2.4 மடங்குக்குக் கொண்டுவர, கூட வேண்டியது 1.55 மடங்கு, லிட்டருக்கு நான்கு கிராம் வீதம் 130 கிராம் சீனி. இங்கே போட வேண்டிய வெப்பநிலை, நொதித்தல் முடிந்த பிறகு பீர் எட்டிய மிக அதிக வெப்பநிலை. வண்டல் இறங்க வேண்டும் என்று பீரை 2 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டு அந்த எண்ணைக் கணக்கில் போடுகிறவர்கள் உண்டு. பீர் குளிர்ந்ததும் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதில்லை, போன வாயு போனதுதான், ஆகவே அவர்களின் பீர் சப்பையாகும்.

அந்தச் சீனியைக் கால் லிட்டர் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்து, சுத்தம் செய்த இரண்டாவது வாளியின் அடியில் ஊற்றுங்கள். பிறகு ரப்பர் குழாயின் நுனியை அடிச்சுவரோடு வளைத்து வைத்து, பீர் சுழன்றுகொண்டே சேரும்படி இறக்குங்கள். முடிந்ததும் நீளக் கரண்டியால் மெதுவாக நாலைந்து சுற்று சுற்றுங்கள், ஏனென்றால் பாகு கனமானது, அடியிலேயே தங்கிவிடும். குழாயும் அடியில்தான் இருக்கிறது, ஆகவே கலக்காவிட்டால் முதல் பத்துப் பாட்டில்கள் பொங்கும், கடைசிப் பத்து சப்பையாகும். தளும்பவோ உயரத்திலிருந்து கொட்டவோ கூடாது. நொதிக்கும் முன் காற்று ஈஸ்ட்டுக்கு நல்லது; முடிந்த பிறகு கலந்த காற்று சில வாரத்தில் பீரை நனைந்த அட்டைப் பெட்டியின் சுவைக்குக் கொண்டுபோகும். அடியில் வால்வு உள்ள நிரப்புக் குழலைப் பாட்டிலின் அடி வரை விட்டு விளிம்பு வரை நிரப்பினால், குழலை வெளியே எடுக்கும்போது மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி தானாக அமையும். அதைப் பார்த்து அளக்க வேண்டியதுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரேயொரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் அதே பீரால் நிரப்பி மற்றவற்றோடு வையுங்கள். அதைக் கையால் அமுக்கிப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கல் போல இறுகிவிட்டால் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்ற நேரம் வந்துவிட்டது. நிழலில் வையுங்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

கடைசியாகக் கருப்பட்டி. ஆசை எனக்கும் புரிகிறது. உடன்குடியிலிருந்து வந்த வட்டு ஒன்று என் வீட்டு டப்பாவிலும் இருக்கிறது. ஆனால் பாட்டிலுக்குள் போட அது ஏற்றதன்று. வெள்ளைச் சீனி கிட்டத்தட்ட முழுதும் சர்க்கரை, எடை தெரிந்தால் வாயுவும் தெரியும். கருப்பட்டியில் ஈரமும் உப்புகளும் வட்டுக்கு வட்டு மாறும், ஆகவே 130 கிராம் கருப்பட்டி எத்தனை மடங்கு தரும் என்று கணக்குப் போட முடியாது. அதன் அடியில் தங்கும் நுண்ணிய மண்ணும் நாரும் இன்னொரு தொந்தரவு; அவற்றின் மேல் வாயு குமிழி கட்டுவதால், அளவு சரியாக இருந்தாலும் திறக்கும்போது நுரை பொங்கும். தேனையும் இதே காரணத்துக்காகத் தள்ளிவைக்கலாம், அதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே நீர். கருப்பட்டியின் மணம் வேண்டுமென்றால் அரை கிலோவை நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, முதல் நாளே மால்ட் சாற்றோடு வாளியில் சேருங்கள். அங்கே ஈஸ்ட் அதைத் தின்று விடும் வாயுவெல்லாம் ஏர்லாக் வழியாக வெளியே போய்விடும், மணத்தில் கொஞ்சம் பீரில் தங்கும். மால்ட் மிகுந்த கறுப்பு ஸ்டவுட்டில் போட்டபோது எனக்கு நன்றாக வந்தது, வெளிறிய லாகரில் போட்டபோது மருந்து போல இருந்தது. எதில் போட்டாலும் மூன்று நாள் ஒரே எண்ணை ஹைட்ரோமீட்டரில் பார்த்த பிறகே அடையுங்கள்; பாட்டிலுக்கு அந்த 130 கிராம் வெள்ளைச் சீனியே இருக்கட்டும்.